ஈரம் போனால்தான் வெண்ணெய் நிற்கும்

போன மாதம் இந்தப் பக்கத்தில் பூண்டு பட்டர் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இளகிய வெண்ணெயில் நசுக்கிய பூண்டும் நறுக்கிய கொத்தமல்லியும் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டால் தோசை, ரொட்டி, மீன் எதற்கும் ஆகும் என்று. எத்தனை நாள் வைக்கலாம் என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன், அது என் தவறு. அதைக் கேட்டும் வேறு பல கேட்டும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் நம்ம வடசென்னைப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கின்றன. நானும் ராயபுரத்துக்காரி என்பதால் உங்கள் சமையலறை எவ்வளவு சிறிது, மே மாதத்தில் அது எப்படிக் கொதிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே பூண்டு பட்டர் செய்தேன். கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டேன். மூணாம் நாள் பூண்டுத் துண்டெல்லாம் பச்சை நிறமாகிவிட்டது. அஞ்சாம் நாள் ஒரு புளித்த வாடை. மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். எங்கே தப்பு?
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பச்சை நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். பூண்டில் இருக்கும் கந்தகச் சத்து புளிப்போடு சேர்ந்தால் பச்சையாகவோ நீலமாகவோ மாறும், ஊறுகாயில்கூடப் பார்த்திருப்பீர்கள். அதனால் கெடுதல் இல்லை. வாடை வந்ததே, அதுதான் விஷயம். கொட்டியது ரொம்பச் சரி.

கொத்தமல்லியை அலசி, உதறி, அப்படியே நறுக்கிப் போட்டீர்களா? பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது. கடை வெண்ணெயில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு இருக்கும், அதிகபட்சம் 16 சதவீதம் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர் கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டித் துளிகளாகக் கொழுப்புக்குள் சிறைப்பட்டுக் கிடப்பதால் கிருமி அதில் பெருக இடம் கிடைக்காது. நாம் ஈரத் தழையும் பூண்டுச் சாறும் எலுமிச்சைச் சாறும் சேர்க்கும்போது பெரிய பெரிய சொட்டாகத் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. கூடவே கிருமிக்குத் தீனியும் போகிறது. அப்புறம் அது புளிக்காமல் என்ன செய்யும்?

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். தழையை அலசி, வெள்ளை வேட்டித் துணியில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே 1 மணி நேரம் போட்டுவிடுங்கள். கையில் எடுத்தால் சலசலவென்று இருக்க வேண்டும், ஒட்டக் கூடாது. அதன் பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றுக்குப் பதில் தோலைத் துருவிப் போடுங்கள். மேல் மஞ்சள் மட்டும் போதும், உள்ளே இருக்கும் வெள்ளை கசக்கும். 100 கிராம் வெண்ணெய்க்கு 4 பல் பூண்டு. அதைப் பொடியாக நறுக்கி, 1 டீஸ்பூன் வெண்ணெயில் சிறு தீயில் பச்சை வாடை போகும் வரை வதக்கி, நன்றாக ஆறவிட்டுக் கலந்தால் வாசனையும் தூக்கலாக இருக்கும், ஈரமும் குறையும்.

ஆனால் வதக்கிவிட்டோம், இனி கெடாது என்று நினைத்துவிடாதீர்கள். பூண்டு மண்ணுக்குள் விளைவது. போட்டுலிசம் என்ற நோயைக் கொண்டுவரும் கிருமியின் வித்து மண்ணில் இருக்கும், நம் வீட்டு அடுப்புச் சூட்டுக்கு அது சாகாது. காற்றுப் புகாத கொழுப்புக்குள், குளிர்ச்சியும் இல்லாமல் கிடந்தால் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சுக்கு வாடையும் கிடையாது, ருசியும் மாறாது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டைக் குளிரில் வைக்காமல் பயன்படுத்தியதில் 36 பேர் இந்த நோயில் விழுந்தார்கள். அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். பூண்டு பட்டரை வெளியே வைக்கவே கூடாது. ஃபிரிட்ஜில் 4 நாள், அவ்வளவுதான். மிச்சம் செய்த அன்றே ஃப்ரீசருக்குப் போய்விட வேண்டும். ஃப்ரீசரில் 2 மாதம் தாராளமாக இருக்கும். பட்டர் பேப்பரில் உருளையாகச் சுருட்டி, இறுகிய பிறகு வில்லை வில்லையாக வெட்டி டப்பாவில் போட்டுக்கொண்டால் வேண்டும்போது ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

எங்கள் வீடு சீட் போட்ட வீடு. வெண்ணெயை வெளியே எடுத்தால் எண்ணெயாக ஓடுகிறது, உள்ளே வைத்தால் கல்லாகிறது. கலக்கும் பதத்தைப் பிடிக்கவே முடியவில்லையே?
வாசகி, வியாசர்பாடி

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். சமையல் புத்தகங்களில் எல்லாம் 'அறை வெப்பத்தில் இளகிய வெண்ணெய்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது குளிர் தேசத்து அறை. வெண்ணெய் கலக்க நல்ல பதம் 18 முதல் 20 டிகிரி. 32, 35 டிகிரிக்குள் அது முழுசாக உருகியே விடும். வெயில் காலத்தில் சீட் வீட்டுக்குள் காலை 10 மணிக்கே அந்தச் சூடு வந்துவிடுமே!

விடியற்காலையில் செய்யுங்கள், 5 மணியோ 6 மணியோ. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைக் கேரட் துருவியில் துருவினால் பூப்பூவாக விழும், அஞ்சு நிமிடத்தில் இளகிவிடும். கலக்கும் எவர்சில்வர் கிண்ணத்தை ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்திக்கொள்ளுங்கள், பானைத் தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுமினுக்கக் கூடாது, அதுதான் பதம். சேர்க்கும் பொருளையெல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, வெண்ணெயைக் கடைசியாக வெளியே எடுங்கள். 10 நிமிடத்தில் வேலை முடிந்து மறுபடி உள்ளே போய்விட வேண்டும்.

அவசரத்துக்கு அடுப்பில் காட்டாதீர்கள். ஒருமுறை உருகிய வெண்ணெய் திரும்ப இறுகினாலும் பழைய மிருது வராது, மணல் மணலாக இருக்கும், பூண்டும் மிளகும் அடியில் போய்ப் படிந்துவிடும். எதுவும் கலப்பதற்கு முன்பே உருகிவிட்டதா, கவலை வேண்டாம், நெய்யாகக் காய்ச்சிவிடுங்கள்.

உப்பு போட்டதை வாங்குவதா, உப்பில்லாததையா?
வாசகி, பெரம்பூர்

சேர்க்கும் பொருளில் உப்பு இருந்தால் (இட்லிப் பொடி, கருவாடு, ஊறுகாய் மசாலா) உப்பில்லாதது. வெறும் தழை, பூண்டு, மிளகு என்றால் உப்பு போட்டதே சௌகரியம், கொஞ்சம் கூடுதலாகத் தாங்கவும் செய்யும். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுக்கும்போது மட்டும் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். 'ஃபேட் ஸ்ப்ரெட்' என்றோ 'மார்ஜரின்' என்றோ இருந்தால் அது வெண்ணெய் இல்லை.

பாக்கெட் பாலில் ஏடு எடுத்து வெண்ணெய் கடைந்து, அதில் இந்த மாதிரி கலக்கலாமா? எங்கள் வெண்ணெய் வெள்ளையாக இருக்கிறது, கடை வெண்ணெய் மஞ்சளாக இருக்கிறது. எங்களுடையது இரண்டே நாளில் வாடை வேறு வருகிறது.
வாசகி, மாதவரம்

பால் பண்ணை ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். கட்டாயம் கலக்கலாம். நம் கையால் கடைந்த வெண்ணெயின் லேசான புளிப்புக்கு எந்தக் கடை வெண்ணெயும் ஈடாகாது.

நிறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பசு, தான் தின்ற புல்லில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற மஞ்சள் நிறச் சத்தில் ஒரு பங்கை அப்படியே பாலில் விடும், அதனால் அந்த வெண்ணெய் மஞ்சள். எருமை அதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடும், அதனால் வெள்ளை. சில கடை வெண்ணெயில் அனாட்டோ என்ற விதையின் நிறமும் சேர்ப்பார்கள், அட்டையில் போட்டிருப்பார்கள். ஆக வெள்ளையாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

பாலைப் பார்த்து வாங்குங்கள். ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. அதாவது 1 லிட்டர் ஆரஞ்சுப் பாலில் ஏறக்குறைய 60 கிராம் கொழுப்பு, ஏட்டில் வருவது அதில் ஒரு பங்குதான். 'ஹோமோஜினைஸ்டு' என்று அச்சிட்ட பால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஏடு சரியாகக் கட்டாது, அதில் கொழுப்பைப் பொடித்துப் பாலோடு கலந்துவிட்டிருப்பார்கள். தினம் சேரும் ஏட்டை ஃபிரிட்ஜில் மூடி வையுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், கசப்பு வந்துவிடும்.

கடையும் நாளுக்கு முன்னால் ஏட்டில் 1 கரண்டி தயிர் விட்டு உறை ஊற்றுங்கள். வெயில் காலத்தில் 4 மணி நேரத்திலேயே உறைந்துவிடும். அப்புறம் அதை மறுபடி குளிரவைத்து, ஐஸ் தண்ணீர் விட்டு மத்தாலோ மிக்ஸியின் விப்பர் பிளேடாலோ கடையுங்கள். சூடாக இருந்தால் எவ்வளவு கடைந்தாலும் நுரைதான் வரும், வெண்ணெய் திரளாது. திரண்டு வரும்போது கை தானாகவே கனக்கும், அந்த நேரம் நிறுத்திவிட வேண்டும்.

வாடைக்குக் காரணம் இனிமேல்தான் இருக்கிறது. திரண்ட வெண்ணெயைப் பந்தாக உருட்டி எடுத்து அப்படியே டப்பாவில் போட்டுவிடுகிறீர்கள், இல்லையா? அதற்குள் மோர் இருக்கிறது. அந்த மோர்தான் கெடுகிறது. ஐஸ் தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்து கழுவுங்கள், தண்ணீர் வெள்ளையாக வரும், கொட்டுங்கள், மறுபடி ஊற்றுங்கள். மூணு தடவையோ நாலு தடவையோ, தண்ணீர் தெளிந்து நிற்கும் வரை விடாதீர்கள். பிறகு ஒரு தாம்பாளத்தில் போட்டு மரக்கரண்டியால் அழுத்தி அழுத்தி உள்ளே இருக்கும் தண்ணீரைச் சாய்த்து வடித்துவிட்டு, 100 கிராமுக்கு கால் டீஸ்பூன் தூள் உப்பு பிசைந்தால் ஒரு வாரம் ஃபிரிட்ஜில் நிற்கும். எங்கள் அம்மா இந்தக் கழுவுகிற வேலைக்கு மட்டும் யாரையும் விட மாட்டார்கள், கை சில்லிட்டுப் போனாலும் தானே செய்வார்கள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, நானே கடைந்து இரண்டு முறை கெட்டுப்போன பிறகுதான் புரிந்தது.

இறாலை பட்டரில் வறுத்தால் கருகிக் கசக்கிறது. ஓட்டலில் மட்டும் எப்படி வாசனையாக வருகிறது?
வாசகர், காசிமேடு

படகிலிருந்து இறங்கிய இறால் கைக்கெட்டும் இடத்தில் இருந்துகொண்டு அதைக் கசக்க விடலாமா அண்ணா!

வெண்ணெயில் கொழுப்போடு பாலின் புரதமும் கொஞ்சம் இருக்கிறது. சட்டி காய்ந்தால் முதலில் கருகுவது அதுதான், அதோடு சேர்ந்து பூண்டும் கருகும், கசப்பு அங்கிருந்து வருகிறது. வறுப்பதற்கு எண்ணெயைப் போடுங்கள், பட்டரைக் கடைசியில் போடுங்கள். இறாலைச் சுத்தம் செய்து, துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, கொஞ்சம் மஞ்சளும் உப்பும் பிசிறி, காய்ந்த எண்ணெயில் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம், பெரிசாக இருந்தால் 2 நிமிடம். சுருண்டு சிவந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஃப்ரீசரில் இருக்கும் பூண்டு பட்டர் வில்லை இரண்டைப் போட்டுப் புரட்டுங்கள். சட்டியின் சூட்டிலேயே உருகி இறாலைச் சுற்றிக்கொள்ளும். கடம்பா (கணவாய்), நண்டு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

உங்கள் பக்கத்துக்காரர்களுக்கென்றே இன்னொன்று சொல்கிறேன். ஐரோப்பாவில் உப்பில் ஊறிய நெத்திலியை அரைத்து வெண்ணெயில் கலப்பது பழைய வழக்கம். அதை வைத்து நான் நெத்திலிக் கருவாட்டில் செய்து பார்த்தேன், அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரீசரில் அது தீர்ந்ததே இல்லை. தலையைக் கிள்ளி, மண் போக அலசி, மறுபடி மொட்டை மாடியில் மொறுமொறுவென்று காயவைத்து, வெறும் சட்டியில் வறுத்துப் பொடியுங்கள். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராமுக்கு 2 டேபிள்ஸ்பூன் பொடி, அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், கொஞ்சம் எலுமிச்சைத் தோல். சுடு சோற்றில் ஒரு வில்லையைப் போட்டுப் பிசைந்து பாருங்கள், குழம்பே வேண்டாம்.

அம்மா, எனக்கு 71 வயது. வெண்ணெயில் பூண்டும் தழையும் கலப்பதெல்லாம் வெள்ளைக்காரன் சாப்பாடு. நமக்கு இது எதற்கு? கொழுப்பு வேறு ஏறும் என்கிறார்கள்.
வாசகர், திருவொற்றியூர்

ஐயா, வெண்ணெய் உருக்கும்போது கடைசியில் ஒரு கொத்து முருங்கைக்கீரை போடுவார்களே, அது எதற்கு? வாசனைக்குத்தானே. கிருஷ்ண ஜெயந்தியன்று வெண்ணெயில் நாட்டுச் சர்க்கரை கலந்து படைக்கிறோம். வெண்ணெய் எந்த வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது நம் பாட்டிகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பார்ஸ்லி தழையும் எலுமிச்சையும் கலந்து, சுட்ட இறைச்சிமேல் வைத்துச் சாப்பிடுகிறார்கள். நாம் கறிவேப்பிலையும் மிளகும் கலந்து தோசைமேல் வைக்கப் போகிறோம். நிழலில் காயவைத்து நொறுக்கிய கறிவேப்பிலை 2 டேபிள்ஸ்பூன், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு 1 டீஸ்பூன், வெண்ணெய் 100 கிராம். ஈரமே இல்லாததால் நான் சொல்வதில் அதிக நாள் தாங்குவது இதுதான், ஃபிரிட்ஜில் 2 வாரம். இட்லிப் பொடி கலந்ததும் அப்படித்தான், ஆனால் பொடியில் பூண்டு இருக்கக் கூடாது.

கொழுப்பைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். வெண்ணெயின் எடையில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. 1 டீஸ்பூன் என்பது 5 கிராம், அதில் இரண்டரை கிராம் அந்தக் கொழுப்பு. மருத்துவர் உங்களுக்குக் கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அதை மீற வேண்டாம். சொல்லவில்லை என்றால், வாசனை சேர்த்த வெண்ணெயில் ஒரு நல்ல வசதி இருக்கிறது, வெறும் வெண்ணெய் 2 ஸ்பூன் கேட்கும் தோசைக்கு இது அரை ஸ்பூனே போதும்.

பையனுக்கு 4 வயது, பொண்ணுக்கு 9 மாதம். இரண்டு பேருக்கும் பன்னில் தடவ இனிப்பு பட்டர் சொல்லுங்கள். தேன் கலந்து செய்யலாமா?
வாசகி, கொருக்குப்பேட்டை

பாப்பாவுக்குத் தேன் வேண்டவே வேண்டாம்மா. 1 வயது முடியாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. மேலே சொன்ன அதே போட்டுலிசம் கிருமியின் வித்து தேனில் இருக்கலாம், கைக்குழந்தையின் குடலுக்கு அதை எதிர்க்கும் பலம் இல்லை. பெரியவர்கள் யாராவது சேனை வைக்கிற மாதிரி தேன் வைக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அந்த வயதுக்கு உப்பும் சர்க்கரையும்கூட வேண்டியதில்லை.

பையனுக்குச் செய்து கொடுங்கள். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், சலித்த கருப்பட்டித் தூள் 3 டேபிள்ஸ்பூன், ஏலக்காய் இரண்டு. கருப்பட்டி பிசுபிசுவென்று இருந்தால் வெயிலில் காயவைத்துப் பொடியுங்கள், இல்லாவிட்டால் வெண்ணெயில் அது தனியாக நீர் விடும். தேன்தான் வேண்டுமென்றால் 2 டேபிள்ஸ்பூன், சொட்டுச் சொட்டாக விட்டு அடித்துக்கொண்டே வர வேண்டும்.

வீட்டிலேயே செய்து சின்ன டப்பாவில் விற்கலாம் என்று இருக்கிறேன். தெருவில் நாலு பேர் கேட்கிறார்கள்.
வாசகி, கொடுங்கையூர்

நல்ல யோசனை. முதலில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவை வாங்கிவிடுங்கள், வீட்டில் செய்து விற்பதற்கும் அது வேண்டும். பூண்டு சேர்த்ததை விற்காதீர்கள், வாங்குகிறவர் அதை வெளியே வைத்துவிட்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. இட்லிப் பொடி வாங்கிச் சேர்ப்பதானால் அதிலும் பூண்டு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை மிளகு, இட்லிப் பொடி, கருப்பட்டி, இந்த மூன்றோடு ஆரம்பியுங்கள். செய்த தேதியை டப்பாமேல் எழுதுங்கள். கரண்டு 2 மணி நேரத்துக்கு மேல் போன நாளில் இளகிவிட்ட டப்பாவை, நஷ்டமானாலும் சரி, விற்க வேண்டாம்.

சவுகார்பேட்டையில் முறுக்கு சாண்ட்விச் சாப்பிட்டதிலிருந்து பிள்ளைகள் வீட்டில் செய்யச் சொல்கிறார்கள். வெள்ளரிக்காய், தக்காளி வைத்ததும் முறுக்கு நமுத்துப் போகிறது. இதற்கு ஏதாவது பட்டர் உண்டா?
வாசகி, தண்டையார்பேட்டை

உண்டு. கொழுப்பு தண்ணீரை உள்ளே விடாது, அதனால் முறுக்கின் உள்பக்கத்தில் வெண்ணெயை இடைவெளி இல்லாமல் தடவிவிட்டால் காயின் ஈரம் கொஞ்ச நேரத்துக்கு முறுக்குக்குள் இறங்காது. பன்னிலும் ரொட்டியிலும் காய் வைப்பதற்கு முன்னால் வெண்ணெய் தடவுவதும் இதற்காகத்தான். புதினாச் சட்னியை அப்படியே வெண்ணெயில் கலக்காதீர்கள், திரிந்த மாதிரி நிற்கும். புதினாவை நிழலில் காயவைத்துப் பொடித்து, 50 கிராம் வெண்ணெய்க்கு 1 டேபிள்ஸ்பூன் பொடி, கால் டீஸ்பூன் சீரகத்தூள், ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு கலந்து தடவுங்கள். வெள்ளரிக்காயை வெட்டியதும் உப்புத் தூவி 5 நிமிடம் வைத்துத் தண்ணீரைப் பிழிந்துவிடுங்கள், தக்காளியில் விதைப் பகுதியை எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் தட்டோடு வந்து உட்கார்ந்த பிறகு அடுக்கினால் போதும்.